ஏழாம் வண்டிக்கு ஒரு பம்ப்

மார்ச் 3
மூன்றாம் வண்டிக்குப் பக்கக் கண்ணாடி வேண்டும் என்றார்கள். ஏழாம் வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். இரவல்தான். போன மாதம் அதன் பேட்டரி இரவல் போனது. அதற்கு முன் ஃபியூல் பம்ப். மருத்துவமனைகளுக்கும் ஓட்டல்களுக்கும் துவைத்த படுக்கை விரிப்பு கொண்டுபோகும் கம்பெனிக்கு நான் வாகன மேலாளர். அதாவது, ஒரு வண்டியின் வாயிலிருந்து பிடுங்கி இன்னொன்றுக்கு ஊட்டுபவன்.

புது பம்ப் எப்போது வரும் என்று உதிரிபாகக் கடைக்காரருக்கு போன் செய்தேன். "கப்பல் கிளம்பிடுச்சு சார்" என்றார். ஜனவரியிலும் கிளம்பியது. வந்து சேராமலே எப்படித் திரும்பத் திரும்பக் கிளம்புகிறது? கேட்கத் தோன்றவில்லை. "ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 6
ஏழாம் வண்டியின் டிரைவரை எல்லோரும் மீசை என்போம். அந்த மீசைக்கு முன்னால் வேறு பெயர் எடுபடாது. ஓடாத வண்டியை மனிதர் தினமும் கழுவுகிறார். ஷெட்டிலேயே அதுதான் பளபளவென்று இருக்கிறது.

"ஏன் அண்ணே, நிக்கிற வண்டிக்கு எதுக்குக் குளியல்?" என்று கிண்டல் செய்தேன்.

"சும்மா உக்காந்திருந்தா நான் தேவையில்லாத ஆளுன்னு தெரிஞ்சிடும் சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11
பட்ஜெட் கூட்டம். கணக்குப் பிரிவு மேடம் சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள ஏழு ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம். டிரைவரையும் அனுப்பிடலாம்."

ஏழு ஓடாததற்குக் காரணமே நான்தான் மேடம் என்று சொல்லியிருக்கலாம். "பார்க்கலாம் மேடம்" என்றேன். வீரன்!

மார்ச் 14
எந்தக் கடையிலும் பம்ப் இல்லை. ஒரு கடையில் டீ கொடுத்தார்கள்.

மார்ச் 17
பழைய பேட்டரி, பழைய கண்ணாடி கிடைத்துவிட்டன. பம்ப் மட்டும்தான் பாக்கி. சாப்பிடும்போது புலம்பினேன். மனைவி கேட்டாள்: "ஏங்க, எல்லா வண்டியும் ஒரே கம்பெனியில வாங்குனா பாகத்தை மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்னு மீட்டிங்ல பேசி கைதட்டு வாங்கினேன்னு சொன்னீங்களே. உங்க காரும் அதே கம்பெனிதானே?"

"அந்த உப்பை இப்படித் தள்ளு" என்றேன்.

மார்ச் 18
கார் வேறு, வேன் வேறு.

மார்ச் 19
வேறு இல்லை. ஒரே இன்ஜின், ஒரே பம்ப். எனக்கு இது தெரியாதா? கைதட்டு வாங்கினவனே நான்தானே. ஆனால் அது பதவிக்காகக் கம்பெனி கொடுத்த கார். அது வாசலில் நிற்பதால்தான் எதிர்வீட்டுக்காரர் என்னை சார் என்கிறார்.

மார்ச் 24
மீசை அரை நாள் லீவு கேட்டார். "வேற இடத்துல வேலை கேட்டுப் பாக்கணும் சார். இந்த வயசுல யார் எடுப்பாங்கன்னுதான் தெரியல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார், எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று.

சே! என்ன மனுஷன்யா நான்? ஒரு காரைக் கட்டிக்கிட்டு அழறேன் — அந்த ஆளு சோத்துக்கு வழி தேடுறாரு. வெட்கமா இருக்கு.

மார்ச் 25
மெக்கானிக்கிடம் போய், "பம்பைக் கழட்டுங்க" என்றேன். எந்த வண்டியில் என்று அவர் கேட்கவே இல்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராக என் காரை நோக்கி நடந்தார். ஆக, ஷெட் முழுக்கத் தெரிந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தது நான் மட்டும்தான்.

மார்ச் 27
ஏழு ஓடியது. வாசல் தாண்டும்போது மீசை தேவையே இல்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். "பெருசு, உள்ள தள்ளி நில்லு" என்றார் கண்டக்டர். சார் எல்லாம் காரோடு சரி.

ஏப்ரல் 21
கப்பல் நிஜமாகவே வந்துவிட்டது! ஒரே ஒரு பம்ப். டப்பாவைப் பிரித்து மேசைமேல் வைத்து, குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஒன்பதாம் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதன் பம்ப் பழுதாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், அதன் டிரைவர் குழாயடியில் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, "கார் எப்பங்க வரும்?" என்றாள் மனைவி.

"கப்பல் கிளம்பிடுச்சு" என்றேன்.