ஐந்து நாள் வாளி

ஜனவரி 9
வாளி இன்று நிறைந்தது. நான் ஒருவன் மட்டும் போனால் எப்போதும் ஐந்து நாள்தான். பின்புறத்து மரப்பெட்டியில் கொட்டி, மேலே காய்கறித் தோல், அதற்கு மேல் மரத்தூள். வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பழைய கழிவுத் தொட்டி வெடித்து, தண்ணீரில்லாத இந்த வாளிக் கக்கூசைக் கட்டி இரண்டு மாதம் ஆகிறது. என் மனைவி ஒரு நாள்கூட உள்ளே காலை வைக்கவில்லை. துண்டும் குடையுமாக இரண்டு தெரு தள்ளி அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். முட்டிவலியோடு.

ஜனவரி 12
கெடு வைத்துவிட்டாள். "மார்ச் ஒண்ணாம் தேதி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பெட்டி நாத்தம் போகலைன்னா நான் அக்காவோடவே இருந்துக்கறேன். நீங்களும் உங்க வாளியும் குடும்பம் நடத்துங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேன்.

ஜனவரி 17
பெட்டிக்குள் வெப்பமானி: 24 டிகிரி. வெளியிலும் 24. குப்பை மக்கும்போது தானே சூடேறி ஐம்பத்தைந்தைத் தாண்டினால்தான் கிருமி சாகும், நாற்றமும் போகும். முப்பது வருஷம் கடைசல் பட்டறையில் நூலிழை பிசகாமல் இரும்பு கடைந்தவன் நான். ஒரு குப்பை என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

ஜனவரி 26
24. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது.

பிப்ரவரி 3
கொட்டிவிட்டு நின்றேன். அக்கா வீட்டிலிருந்து திரும்பியவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"லெவல் பாக்கறேன்."

ஒவ்வொரு வாளிக்கும் பிறகு இரும்புத் தகட்டால் தட்டி, நன்றாக அமுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பட்டறை புத்தி போகுமா? மாவை இப்படி அடிச்சு அமுக்கினா ரொட்டி செங்கல்லாத்தான் வரும். அது மூச்சு விட வேண்டாமா?"

பேக்கரியில் இருபது வருஷம் மாவு பிசைந்த கை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மாவும் இதுவும் ஒன்றா என்று கேட்டேன்.

"ரெண்டும் பொங்கணும்ல" என்று உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 5
ரோஷத்தை மென்று விழுங்கிவிட்டு, பெட்டி முழுவதையும் கிளறி, காய்ந்த புல்லும் சருகும் கலந்து லேசாக அள்ளிப் போட்டேன். இடுப்பு போயிற்று.

பிப்ரவரி 9
41!

பிப்ரவரி 13
58. கை வைத்தால் சுடுகிறது. மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தேன். ஈரமண் வாசனைதான். அவளிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 1
காலையில் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாத்தந்தான் போயிடுச்சே, இன்னும் என்ன வேணும் இவளுக்கு? அங்கேயே தங்கிவிடுவாளோ?

மதியம் வந்தாள். கையில் ஒரு சாக்கு, அக்கா வீட்டுத் தோட்டத்துச் சருகு. "உங்க குப்பைக்குக் காத்து வேணும்ல" என்று வாசலில் வைத்தாள்.

மார்ச் 5
கொட்டினேன். ஐந்து நாள்.

மார்ச் 8
வாளி நிறைந்துவிட்டது. நாட்குறிப்பைப் புரட்டி இரண்டு தடவை பார்த்தேன். மூன்று நாள்தான். வாளிக்குள் மரத்தூளும் நான் போடுவதைவிடத் தாராளமாகக் கிடக்கிறது.

வெளியே மழை. அவள் குடை கதவுக்குப் பின்னால் காய்ந்துபோய்த் தொங்குகிறது. அதே குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் இன்னொரு வாளி வாங்கி வந்தேன்.