ஜட்ஜம்மா உட்கார்ந்த நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்

நடந்தது அத்தனையையும் நான் முன்பே சொல்லியிருந்தேன். அந்த சோபா வீட்டுக்குள் நுழைந்த அன்றே, “இது உட்காருகிற சாமான் இல்லை, ஆளை விழுங்குகிற சாமான்” என்றேன். யார் கேட்டார்கள்? இன்று அக்கா மகள் வேலை முடிந்து வந்து பார்த்தால், அக்கா சோபாவுக்குள் புதைந்து கிடக்கிறாள். மதியத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லையாம். நான் மாடியில்தான் இருந்தேன். தூங்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா மாமாவைக் கூப்பிடல?”

“அவன் வந்தா கதை சொல்லுவான். அதுக்கு சோபாவே மேல்.”

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா இப்படித்தான், யாரிடமும் கை நீட்டமாட்டாள். பாப்பா (அக்கா மகளுக்கு நாற்பது வயது, எனக்கு இன்னும் பாப்பாதான்) முடிவாகச் சொல்லிவிட்டாள். அக்கா தானாக எழுந்திருக்கிற மாதிரி ஒரு நாற்காலி கிடைக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கிவிட நாள் முழுக்க வீட்டில் ஓர் ஆள்.

“என்னைத் தூக்க ஆள் வெச்சா, நான் படுத்தே கிடப்பேன்” என்றாள் அக்கா. சொன்னால் செய்வாள்.

பழைய நாற்காலிதான் இதற்கு வழி என்றேன். அந்தக் கால மரம், அந்தக் கால உயரம். பொறுப்பு என்னுடையது.

மார்ச் 4, புதன்

மரச்சாமான் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஏழாம் வகுப்பை இரண்டு முறை, எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட காலேஜ்.

பாப்பா அக்காவின் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை நூல் பிடித்து, வெட்டி என்னிடம் கொடுத்தாள். “மாமா, உட்காருற இடம் இந்த உயரத்துக்குக் குறையவே கூடாது. ரெண்டு பக்கமும் கை இருக்கணும்.”

நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கெதற்கு நூல்? என் கண்ணே அளவுகோல்.

மார்ச் 7, சனி

பழைய சாமான் கடை. கூரை வரை நாற்காலிகள், எல்லாம் கால்களை மேலே தூக்கிக்கொண்டு. ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னேன். கவிழ்த்தேன். பூச்சி அரித்த பொடி கொட்டுகிறதா என்று தட்டினேன். முகர்ந்தும் பார்த்தேன். முகர்ந்தால் என்ன தெரியும் என்று எனக்கே தெரியாது, ஆனால் கடைக்காரர் பயந்துவிட்டார்.

“சார் இதே லைனா?”

“மூணு தலைமுறை” என்றேன். அவர் நம்பினார். நானும் கொஞ்சம் நம்பினேன்.

கடைசியில் ஒரு சாய்வு நாற்காலி. பிரம்புப் பின்னல், நீளமான கைகள், பளபளவென்று மரம். உட்கார்ந்தேன். என்ன சுகம்! எழுந்திருக்கவே மனம் வரவில்லை. இதுதான்.

மார்ச் 8, ஞாயிறு

எழுந்திருக்க முடியவில்லை. அக்காவால்.

கால் மேலே, தலை கீழே. “டேய், இது சோபாவோட அண்ணன்டா!” என்று கத்தினாள். பாப்பாவும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர். வலியா, அவமானமா?

மார்ச் 10, செவ்வாய்

வீட்டிலிருக்கிற எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். எனக்கு எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது. ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 11, புதன்

பாப்பா ஆள் ஏற்பாடு செய்துவிட்டாள். திங்கட்கிழமை வருகிறாளாம். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், சாப்பிடவும் இல்லை.

நாற்காலி என்பது உட்காருவதற்கா, எழுந்திருப்பதற்கா? இத்தனை வயதில் இப்படியொரு கேள்வி வரும் என்று மட்டும் நான் முன்பே சொல்லியிருக்கவில்லை.

நூல் இன்னும் பையில்தான் இருக்கிறது.

மார்ச் 14, சனி

நூலோடு போனேன். வெட்கக்கேடு, அழகான நாற்காலி ஒன்றுகூடத் தேறவில்லை. பூ செதுக்கியது குள்ளம். வளைந்த முதுகுக்காரனுக்குக் கையே இல்லை. சிங்கக் கால் வைத்தது உயரம் சரி, தொட்டால் ஆடுகிறது. எதை அளந்தேன், எதை அளக்கவில்லை என்பதே குழம்பிப்போய், ஒன்றையே மூன்று தடவை அளந்தேன்.

நூலுக்குச் சரியாக நின்றது ஒன்றே ஒன்று. மூலையில் கிடந்தது. நேர் முதுகு, அகலமான கைகள், அடியில் வெள்ளைப் பெயிண்டில் 17. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. பழைய கோர்ட்டிலிருந்து வந்தது, ஒரு ஜட்ஜம்மா முப்பது வருஷம் உட்கார்ந்தது என்றார் கடைக்காரர்.

அக்கா வாசலிலேயே மறித்தாள். “இது ஆஸ்பத்திரி நாற்காலி. நான் என்ன நோயாளியா? எடுத்துட்டுப் போ.”

“ஆஸ்பத்திரியாவது! ஜட்ஜம்மா நாற்காலி அக்கா இது. அந்தம்மா உள்ள வந்தா கோர்ட்டே எழுந்து நிக்கும். ஆனா அந்தம்மா எழுந்திருக்க ஒருத்தரும் கை குடுத்ததில்ல.”

நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உட்கார்ந்தாள். இரண்டு கையையும் ஊன்றினாள். எழுந்தாள்.

மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

மாப்பிள்ளை கைதட்டப் போனார். பாப்பா முறைத்ததும் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மார்ச் 15, ஞாயிறு

ஆள் வேண்டாம் என்று பாப்பா போன் செய்துவிட்டாள்.

மார்ச் 19, வியாழன்

இதற்கு ஜோடி கிடைக்குமா என்று பாப்பா கடைக்குப் போய் வந்தாள். “ஒண்ணு இருக்கு மாமா. ஆனா அது குமாஸ்தா உட்கார்ந்ததாம். ஜட்ஜம்மாவோடது நம்மகிட்ட வந்ததுதானாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? அட, அவர்தானே சொன்னார்? 14ஆம் தேதியில் அப்படித்தானே எழுதியிருக்கிறேன்?

“முதல்ல ஜட்ஜம்மா பேச்சை எடுத்தது யாரு? நீயா, அவரா?”

“ஞாபகமில்ல மாமா. ஏன்?”

சும்மாதான் கேட்டேன் என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். “அந்த ஜட்ஜம்மாவை எனக்குத் தெரியும். ஒரு தடவை சாட்சி சொல்லப் போயிருக்கேன். இடது கையாலதான் எழுதுவாங்க. பாருங்க, இடது கைப்பிடிதான் தேய்ஞ்சிருக்கு.”

அக்கா சாட்சி சொன்னாளா? எப்போது? எந்த வழக்கு? கூடப் பிறந்த எனக்குத் தெரியாமலா?

அவர்கள் போன பிறகு தடவிப் பார்த்தேன். இடது கைப்பிடி தேய்ந்துதான் இருக்கிறது. தலை சுற்றுகிறது.

மார்ச் 25, புதன்

சாயங்காலம் நானும் அக்காவும் மட்டும். அவள் நாற்காலியில், நான் சோபாவில்.

“ஏண்டா, இந்த நாற்காலியில மருந்து வாசனை வருதே?”

“அப்படியா?”

“கோர்ட்டையும் பினாயில் போட்டுத்தான் துடைப்பாங்க போலிருக்கு.” முகத்தில் சிரிப்பே இல்லை. கைகளை ஊன்றி எழுந்தாள், சமையலறைக்குப் போனாள், இரண்டு டீயோடு வந்தாள். டீயை வாங்க நான் எழுந்திருக்கப் பார்த்தேன். சோபா விடவில்லை. டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, “கை குடுடா” என்றாள்.

கொடுத்தேன்.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? கேட்கப் பயமாக இருக்கிறது. சாட்சி சொன்ன கதை நிஜமாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

இந்த நோட்டுக்காவது சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் கோர்ட் என்று சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தது என்றுதான் சொன்னார். ஜட்ஜம்மா நான் போட்டது. மற்றதெல்லாம் உண்மை.