பேரும் ஊரும் கேட்டவளுக்கு

இன்று காலை திண்டிவனத்தில் ரத்தம் கொடுக்க ஒரு லேபுக்குப் போயிருந்தேன். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது, சிரிக்காதே. வெறும் வயிறு, மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காத எரிச்சல், பக்கத்து நாற்காலியில் செல்போனில் ஊருக்கே கேட்கும்படி மல்லாட்டை மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதர். என் முறை வந்தது. ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "லில்லி தானேங்க?" என்றாள். நான் தலையாட்டினேன்.

ஆமாம், நானேதான். ஆயுசெல்லாம் நர்ஸ் வேலை பார்த்த இந்த ஸ்டெல்லா, யாரோ ஒரு லில்லியின் பேரைச் சொன்னதற்குத் தலையாட்டினாள். முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சு பட்டு, அந்தச் சில்லிப்பும் வாடையும் ஏறிய பிறகுதான் விழித்துக்கொண்டேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். அந்தப் பெண் பயந்துபோனாள். என் கண்ணில் நின்றது அவள் இல்லை. பச்சை குத்திய ஒரு கை.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இரண்டு பேரும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு வேலைக்குப் போனோம். ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரி இப்போது இல்லை, ஜவுளிக்கடை வந்துவிட்டது. ஒரு கோடை நாளில் ஆண்கள் வார்டில் ஒரு மின்விசிறி நின்றுபோனது. அதன் கீழே படுத்திருந்த கோவிந்தசாமி புழுக்கம் தாங்காமல் எதிர் வரிசைக்கு மாறிவிட்டார். காலியான கட்டிலில், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து அரைமயக்கத்தில் வந்த இன்னொருவரைப் போட்டார்கள். கட்டிலில் தொங்கிய அட்டையை மட்டும் யாரும் மாற்றவில்லை. மத்தியான ஷிப்டுக்கு வந்த உனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

கோவிந்தசாமிக்கு வேண்டிய ரத்தம் புதுச்சேரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. நீ அலட்சியக்காரி இல்லை. பையில் இருந்த பேரை அட்டையோடு ஒத்துப் பார்த்தாய். மயக்கத்தில் கிடந்தவரைக் கேட்க முடியாது என்று, கால்மாட்டில் நின்ற அவர் மனைவியையும் கேட்டாய்.

"இவரு கோவிந்தசாமி தானேம்மா?"

அந்த அம்மா தலையாட்டினாள். ரத்தம் இறங்கத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. "இடுப்பு வலிக்குது" என்று முனகினார். நான் கம்பளியைத் தேடி ஓடினேன். அந்த அம்மா பதறிப்போய் உன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய முன்கையில் பச்சை குத்தியிருந்ததை நீ படித்தாய். முனுசாமி.

"இது யாரு பேரும்மா?"

"அவருதாங்க."

நீ ரத்தப் பையின் குழாயை அடைத்த வேகத்தில் ஸ்டாண்டே ஆடியது. உன் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் ஓடி வந்தார். குழாயை மாற்றினோம், சலைன் போட்டோம், ஊசி போட்டோம். அதன் பிறகு செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். வேறு குரூப் ரத்தம் உள்ளே போனவனுக்கு மூத்திரம் எந்த நிறத்தில் வருகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையையே பார்த்துக்கொண்டு நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். முதலில் ஒன்றுமே இறங்கவில்லை. பிறகு இறங்கியது, பால் விடாத காப்பி நிறத்தில். ஜெபமாலையைத் தேடினால் அது கைப்பையில் இருந்தது, கைப்பை ஓய்வறையில் இருந்தது. எழுந்து போகத் தைரியம் இல்லை.

நீ அந்த அம்மாவிடம் ஏன் தலையாட்டினாள் என்று கேட்டாய். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு பேர நா எப்பிடிம்மா சொல்றது? நீங்க வேற பேரு சொன்னீங்க. ஆஸ்பத்திரில அப்பிடி எழுதிக்கினாங்களோன்னு நெனச்சிக்கினேன்."

பொழுது சாயும்போது குழாயில் நிறம் மெல்ல வெளுத்தது. தேநீர் நிறம், அப்புறம் வைக்கோல் நிறம். டாக்டர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். முனுசாமி பிழைத்துவிட்டார்.

வார்டு சிஸ்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ரத்தம் ஏத்துனா குளுரு வர்றது சகஜந்தான். ரியாக்‌ஷன்னு சொல்லிட்டு வாய மூடிக்கினு போ. ஏன்டி நீயே போய் மாட்டிக்கிற?" எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உன் சம்பளத்தில்தான் உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் நீ நேராக டாக்டர் அறைக்குப் போய், பை மாறிப்போனதைச் சொல்லிவிட்டாய். அந்த அம்மாவிடமும் சொன்னாய். டாக்டர் கத்தியது மாடிவரை கேட்டது. மறுநாளோடு நின்றுவிடச் சொன்னார்.

"நின்னுக்கிறேன் சார். ஆனா வேற ஒருத்தி வந்தாலும் இதே மாதிரிதான் கேப்பா. இவங்களும் இதே மாதிரிதான் தலையாட்டுவாங்க. நாளைக்கு ரவுண்ட்ஸ்ல ஒரு தடவ காட்டிட்டுப் போய்ட்றேன்."

உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது நகத்தையே கடித்துக்கொண்டு வந்தாய்.

மறுநாள் டாக்டர் பின்னால் நின்றார், நீ கட்டில் கட்டிலாகப் போனாய். ஒவ்வொருவரிடமும் வேண்டுமென்றே தப்பான பேரைக் கேட்டாய். "நீங்க ராமலிங்கம் தானேங்க?" முதல் ஆள் "இல்லீங்களே" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்தவர் தலையாட்டினார். அதற்கடுத்தவரும். மயிலத்துக்காரர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "ஆமாங்கம்மா" என்று கையையும் நீட்டிவிட்டார், ஊசிக்கு. டாக்டரே அவரிடம், "உன் பேரு ஏழுமலை இல்லியா?" என்றார்.

"ஏழுமலதாங்க. சிஸ்டரம்மா கூப்டா அதாங்க பேரு. இல்லன்னா கோச்சிக்கினு போய்டுவாங்க."

வார்டில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "சரி, என்ன பண்ணலாங்கற?" என்றார்.

பேரை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும், கூடவே ஊரையும். புருஷன் பேரைச் சொல்லாத பெண்களும் ஊரைச் சொல்லிவிடுவார்கள், என்ன நோவுக்கு வந்தார் என்பதையும் சொல்லிவிடுவார்கள். அட்டையைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். ரத்தம் என்றால் இரண்டு நர்ஸ்கள் கேட்க வேண்டும். அவ்வளவுதான் நீ கேட்டது. "பொங்கல் வரைக்கும் பாப்போம்" என்றார் டாக்டர். உன் வேலையும் அதுவரைக்கும்தான் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அந்த மாதங்களை நினைத்தால் இன்னும் எனக்குத் தோள் இறுகுகிறது. ஓய்வறைக் கரும்பலகையில், ஊசிக்கும் மருந்துக்கும் முன்பே பிடிபட்ட ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கோடு போடச் சொன்னாய். யார் செய்தது என்று எழுதக் கூடாது. முதலில் யாரும் போடவில்லை. உன்னுடைய தப்புக்கு நீயே போட்டாய், அதன் பிறகு மற்றவர்களும் போட்டார்கள். கோடுகள் பெருகப் பெருக வார்டு சிஸ்டருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, நீ வந்து தப்பு கூடிப்போச்சி!"

"கூடல சிஸ்டர். இப்பதான் கண்ணுக்குத் தெரியுது."

மார்கழி முடிவதற்குள் கோடுகள் குறைந்தன. பொங்கல் வந்தது, போனது. உன்னைப் போகச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. கேட்கும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. நான் அதன் பிறகு வேலை பார்த்த இடமெல்லாம் அதையே செய்தேன், அங்கெல்லாம் எரிச்சல்காரி என்று பேரும் வாங்கினேன்.

கடைசியில் உன்னையே புதுச்சேரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தேன். உனக்குக் குரல் போய்விட்டிருந்தது. ரத்தப் பையோடு வந்த சின்னப் பெண் என்னிடம், "இவங்க பேரு, ஊரு சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. "இத்தன நாளா பாக்கற, தெரியாதா?" என்று சீறினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய். அந்தப் பிடியில் பலமே இல்லை. ஆனாலும் விடவில்லை, நான் சொல்லி முடிக்கும்வரை. பேரையும் சொன்னேன், திண்டிவனம் என்றும் சொன்னேன். அதன் பிறகுதான் கண்ணை மூடிக்கொண்டாய். சில நாள் கழித்து, உன்னை வீட்டுக்குக் கொண்டுபோகும்போதும் பிணவறை வாசலில் அதையே கேட்டார்கள். அன்று நான் சீறவில்லை.

இன்று அந்த லேப் பெண்ணிடம், "பேர நீ சொல்லாதம்மா, என்னக் கேளு" என்றேன். பாவம், அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பேரு என்னங்கம்மா? எந்த ஊரு?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். வந்தது உன் பேர், நம் ஊர்.

அவள் சீட்டைப் பார்த்துக் குழம்பினாள். பிறகு திருத்திச் சொன்னேன், ஸ்டெல்லா என்று. ஒரு தப்பு, ஊசிக்கு முன்பே பிடிபட்டது. எங்கே இருக்கிறாயோ அங்கே பலகையில் ஒரு கோடு போட்டுக்கொள். யார் செய்தது என்று எழுதாதே.