எலிகளுக்கும் ஒரு கை பொரி

அக்டோபர் 14, வெள்ளி
தூறல். பஸ் வரவில்லை. மண்ணூர் ஆராய்ச்சிக்கூடம் வரை செங்கல் லாரியில். கொழுப்புத் தீவனம் பிசைந்தேன்: வனஸ்பதி, கடலை எண்ணெய், பால்புரதம், உப்பு. மாவுச்சத்தோ இனிப்போ துளியும் கூடாது. வெறும் கொழுப்பில் எலி உடம்பு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. சோதனைப் பொடியில் ஒரு சொட்டு மூத்திரம். நல்ல கத்தரிப்பூ நிறம். கீட்டோன் இருக்கிறது, உடம்பு கொழுப்பைத்தான் எரிக்கிறது. தீபாவளி வரை இப்படியே நின்றால் சோதனை முடிந்தது. கும்பகோணம் போய் சரோஜாவை அழைத்து வரலாம். ஆடியில் பிறந்த வீட்டுக்குப் போனவள். ‘எலிகளையே கட்டிக்கிட்டு அழுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனாள். தீபாவளிக்கு நேரில் வந்து கூப்பிட்டால்தான் வருவாளாம்.

அக்டோபர் 15, சனி
ஆயுத பூஜை. பக்கத்துக் கட்டடத்தில் தீவன ஆலை, அங்கே மேளம். அரவை மிஷின், தராசு, லாரி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் எலிகளை எடை போட்டேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன். இருந்தாலும் வருத்தம்தான். இரவு அறையில் தயிர்சாதம், ஊறுகாய். இன்று வாய் திறந்து பேசியது எலிகளிடம் மட்டும்.

அக்டோபர் 18, செவ்வாய்
நிறம் வரவில்லை! புதுப் பொடியிலும் வரவில்லை. எந்தக் கூண்டிலும் இல்லை. தீவனத்தில் தப்பு செய்துவிட்டேனா?

அக்டோபர் 19, புதன்
வெயில். கூண்டுத் தட்டில் பொரி, வெல்லம் ஒட்டியபடி. கூண்டு கழுவும் கன்னியப்பனைக் கேட்டேன். மண்ணூர்க்காரர், என்னைவிட மூத்தவர்.

“நான்தான் சார் போட்டேன். மிஷினுக்கே பொட்டு வெச்சி படைக்கிறாங்க. உசுரு கீற இதுங்களுக்கு ஒண்ணும் இல்லன்னா இன்னா நாயம்? பொரி மீந்துபோச்சு. டெய்லி ஒரு கை போட்டுகினு இருந்தேன்.”

“எல்லாம் போச்சுய்யா! இந்த எலி இனிமே ஒண்ணுக்கும் ஆவாது!” கண்டபடி கத்தினேன். குனிந்து தட்டிலிருந்த பொரியைப் பொறுக்கினார். அப்புறம் மெதுவாக, “உங்களுக்கும் அன்னிக்கே வெச்சேனே சார். தனியா குந்திகினு இருந்தீங்க. டிராயர்ல கீது, பாக்கலியா?”

திறந்தேன். தினசரித் தாளில் மடித்த பொட்டலம். பொரி நமுத்திருந்தது. அதற்கு மேல் கத்த முடியவில்லை. நின்றபடியே தின்றேன். அழுகை வந்தது.

அக்டோபர் 20, வியாழன்
இயக்குநரிடம் சொன்னேன். யார் போட்டது என்றார். என் கவனக்குறைவு என்றேன். கன்னியப்பன் தினக்கூலி, சொன்னால் இன்றே வெளியே. திங்களன்று புது எலிகள். முதலிலிருந்து எல்லாம். தீபாவளிக்கு லீவு கிடையாது.

தபாலாபீஸில் டிரங்க் கால். சரோஜாவின் அண்ணன் எடுத்தார். வர முடியாது என்றேன். ஏன் என்றார்.

“எலிங்க பொரி தின்னுடுச்சு.”

“என்ன மாப்ளே, கிண்டலா?”

விளக்கத் தொடங்கினேன். போனில் அவர் பின்னாலிருந்து சரோஜா: “போதும், வச்சிடுண்ணே.”

ஆடிக்குப் பிறகு அவள் குரலை இன்றுதான் கேட்கிறேன்.