சின்னவள் நடித்துக் காட்டிய ஆள்

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் ஹால் விளக்கைப் போடுவதாக நினைத்து மோட்டார் சுவிட்சைத் தட்டியிருக்கிறேன். விளக்கு எரியவில்லை. பல்பு போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, ஸ்டூல் மேல் ஏறிக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேல்வீட்டுக்காரர் கத்தினார். டேங்க் வழிகிறதாம்.

"இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சுங்க" என்றாள் மனைவி.

இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும் பஸ் கண்டக்டர் நான். ஊரடங்கு வந்து உட்கார்த்தி வைத்ததால்தான் வீட்டில் சுவிட்ச் இருப்பதே தெரிகிறது.

ஏப்ரல் 7

கேரம் அலுத்துவிட்டது. பெரியவள் புது ஆட்டம் கண்டுபிடித்திருக்கிறாள். தெரிந்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட வேண்டும். எடுத்தவர் பேசாமல் நடிக்க, மற்றவர்கள் ஆளைச் சொல்ல வேண்டும். நான் பால்காரராக நடித்தேன். மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

ஏப்ரல் 8

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சின்னவள் ஒரு சீட்டை எடுத்தாள். பிரித்ததும் அம்மாவைப் பார்த்தாள். "வேற எடுக்கட்டுமா?"

"அதெல்லாம் கிடையாது, நடி" என்றது நான்தான்.

வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தாள். செருப்பை உதறினாள். முகம் உர்ரென்று. டிவியை அணைத்தாள். யாரோ பேச வந்த மாதிரியும், முகத்தைக்கூடப் பார்க்காமல் கையைக் காட்டி நிறுத்துகிற மாதிரியும் செய்தாள். பிரமாதமான நடிப்பு. நானோ உற்சாகத்தில், "ஹெட்மாஸ்டர்! இல்ல, போலீஸ்காரர்! மேல்வீட்டு மாமா!" என்று கத்துகிறேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"விடுங்க, போதும்" என்றாள் மனைவி. சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'அப்பா.'

சும்மா கிண்டல் என்று தள்ளிவிடவும் முடியாது. சின்னவள் அந்த முகத்தோடு நுழைந்ததுமே பெரியவள் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். நடிப்பு என்று தெரிந்தும்!

ஏப்ரல் 9

நானா அப்படி? நான் அடிக்கிற ஜோக்குக்காகவே முன்னால் வருகிற வண்டியை விட்டுவிட்டு, என் பஸ்தான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் உண்டே. மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும். தையல் கடையில ஒரு அம்மா சொன்னாங்க. 'உங்க வீட்டுக்காரர் பஸ்ல நேரம் போறதே தெரியாது, வீட்டுல ஒரே சிரிப்பா இருக்குமே'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

சே. ஊருக்கெல்லாம் கொட்டிவிட்டு வீட்டுக்குக் காலிப் பாத்திரத்தையா கொண்டுவந்தேன், இத்தனை வருஷமும்?

ஏப்ரல் 12

சாப்பிடும்போது ஒரு ஜோக் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள் — நான் முடிப்பதற்குள்ளேயே.

ஏப்ரல் 19

ஆட்டத்தில் எனக்குச் 'சின்னவள்' வந்தாள். கட்டை விரலைச் சப்பிக் காட்டினேன். தலையணையைக் கட்டிக்கொண்டு புரண்டேன். யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் அவளே மெதுவாக, "நானாப்பா? அதெல்லாம் எப்பவோ விட்டுட்டேனே" என்றாள். கோபம்கூட இல்லை, என்னைப் பார்த்துப் பாவப்பட்டாள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

"இப்ப என்ன பண்ணுவ, நீயே சொல்லு" என்றேன். ஆரம்பித்தவள் சாப்பாடு வரை நிறுத்தவில்லை. கூட்டல் போடும்போது நாக்கைக் கடிப்பாளாம். பல்லிக்குப் பயம், பாம்புக்கு இல்லையாம். நான் குறுக்கே பேசவில்லை.

ஜூன் 1, திங்கள்

பஸ் ஓடத் தொடங்கியது. ஆளுக்கொரு மூலையில் முகத்தை மூடிக்கொண்டு பயணிகள். குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்று வீட்டில் சட்டம். சாயந்திரம் பின்பக்கக் குழாயடியில் நான் சோப்புப் போட, சின்னவள் எட்டி நின்று காவல்.

"இன்னிக்கு என்ன ஜோக்குப்பா?"

"ஒருத்தர் தும்மினாரு. அடுத்த ஸ்டாப்புல முக்கால் பஸ் காலி. அவரு கையைக் காலை நீட்டிப் படுத்துட்டாரு."

யோசித்தாள். "அவரு பாவம்ப்பா. இதுல சிரிக்க என்ன இருக்கு?" பிறகு உள்ளே திரும்பி ஒரு கத்தல்: "அக்கா! அப்பா ஜோக்கு இன்னிக்கு சுமார்தான்!"

சோப்பு நுரையோடு நின்று நான்தான் சிரித்தேன்.

"பஸ்ல இருந்தவங்க சிரிச்சாங்களா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். பஸ்ஸில் அதை யாருக்கும் சொல்லவேயில்லை, வாய் வரை வந்ததை அடக்கி வீட்டுக்கென்று கொண்டுவந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.