கட்டிலிலிருந்து தெரிகிற ரோடு

என் அருமை மகளுக்கு,

அப்பா ஆசையோடு எழுதுவது. நாங்கள் இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் உன் அம்மா ஒன்பது வார்த்தை திருத்துவாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகிறது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி நடக்காவிட்டால்தான் கெடுதல் என்று டாக்டர் சொல்லியும் அவள் வாக்கரைத் தொடவில்லை. "விழுந்தவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும், நாளைக்குப் பாக்கலாம்" என்று எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். இப்படியே படுக்கையோடு போய்விடுவாளோ என்று எனக்குப் பயம், உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. வெறும் சுவரை எத்தனை நாள்தான் பார்ப்பாள், ஒரு ரோடாவது வரைந்து வைப்போம் என்று மீந்திருந்த பெயிண்டை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித் தருகிற மகளை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு ரோட்டைப் பற்றி யார் சொல்லித் தர வேண்டும் என்கிற திமிர். போகப் போக ரோடு குறுகும் என்று எந்த டிரைவர் ஒப்புக்கொள்வான், எதிரே லாரி வந்தால் எங்கே ஒதுங்குவது? கீழே இருந்த அகலத்தையே மேலே வரைக்கும் இழுத்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "எதுக்கு சுவத்துல கதவு வரைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அப்புறம்தான் உனக்குப் போன் செய்தேன்.

நீ சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதி வைத்துக்கொண்டேன். ரோட்டின் இரண்டு ஓரமும் கண்மட்டத்தில் ஒரே புள்ளியில் சேர வேண்டும், தூரத்து மரங்கள் சிறுத்து நெருங்க வேண்டும், மலை வெளிறி நீலம் தட்ட வேண்டும். அப்படியே செய்தேன். நின்று பார்த்தால் எனக்கே ஸ்டியரிங்கைத் தேடிக் கை போனது. ஆனால் அம்மா, "ஒரே மேடா இருக்கு, பாத்தாலே மூச்சு வாங்குது" என்றாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முதுகு வலி என்று அவள் பக்கத்தில் சாய்ந்து படுத்தேன், அப்போதுதான் என் தப்பு தெரிந்தது. நான் ரோட்டை டிரைவர் சீட்டு உயரத்திலிருந்து வரைந்திருக்கிறேன், மகளே! பார்க்கிறவளோ தலையணையில் சாய்ந்திருக்கிறாள், அங்கிருந்து பார்த்தால் ரோடு மலை ஏறுகிறது. அவள் கண்ணுக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, முழுவதையும் அழித்து மறுபடி வரைந்தேன். "இப்ப போகலாம் போல இருக்கு" என்றாள். ஆனால் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

கை சும்மா இருக்குமா? ரோட்டின் கோடியில், கையில் பையோடு, உன்னையும் போட்டேன். நீ சொன்ன விதிப்படியே நக அளவில், வெளிறலாக. அவளிடம் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை அடுப்பங்கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன், வாக்கர் தட்டும் சத்தம் கேட்டது. விழுந்தடித்து ஓடி வந்தால், உன் அம்மா கட்டிலிலிருந்து பதினோரு அடி நடந்து போய்ச் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "எம் பொண்ணு இவ்வளவு மங்கலாவா இருப்பா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். தூரத்தில் இருப்பது அப்படித்தான் தெரியும், உன் பெண்ணே சொன்னது என்றேன். "அவ தூரமா இருக்கறது உங்க கண்ணுக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது தினமும் இரண்டு வேளை சுவர் வரைக்கும் போய் மேற்பார்வை பார்க்கிறாள். நேற்று அடுப்பங்கரைக்கும் வந்து என் சமையலைக் குறை சொன்னாள், காது குளிர்ந்தது. நீ வேலை வேலை என்று இடுப்பொடிய நிற்காதே, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து வரை. மாப்பிள்ளை இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம் என்று சொல்.

லீவு எந்தத் தேதியிலிருந்து என்று உடனே எழுது, மறந்துவிடாதே. அம்மாவின் உத்தரவுப்படி வாரம் ஒரு முறை உன்னை அழித்துக் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கிட்டே வரைந்துகொண்டிருக்கிறேன். மூன்றாவது மரம் வரைக்கும் வந்துவிட்டாய், இப்போது முகம் தெரிகிறது. நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வழியைப் பார்த்தபடி,
அப்பா