ஒரே விலையில் இரண்டு கிட்டார்கள்

என் மூத்தவளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் முதல் வரி. இங்கே நான், அப்பா, உன் தம்பி மூன்று பேரும் நலம். நலம் என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், பொய்யாகிவிடக் கூடாதே என்று. முக்கால்வாசி உண்மைதான், அப்படியே இருக்கட்டும். வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறோமே, இதென்ன திடீரென்று காகிதம் என்று நீ நினைப்பாய். இந்தக் கவருக்குள் ஒரு பொருள் வைத்திருக்கிறேன், அது போனில் வராது, அது ஒரு காரணம். இன்னொன்று, சொல்ல வேண்டியதைப் போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் பேசுவாய், நானும் அதையே சாக்காக வைத்து வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். ஏழு மாதமாக அப்படித்தான் தாவிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறும்போது மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முனகுகிறார். கடையில் ஜிப் வைக்கிற அலமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆள் வைத்து நிமிர்த்தினோம். உன் புது வீட்டு ஜன்னல் சரியாக மூடுகிறதா? மூடாவிட்டால் சட்டத்தில் ஃபெல்ட் துணி ஒட்டு, காகிதத்தைச் செருகிக்கொண்டிராதே, அது இரண்டு நாள்கூட வராது.

தம்பிக்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன் என்று போன வாரம் சொன்னேன் அல்லவா, அந்தக் கதையை முழுதாகச் சொல்கிறேன். கையில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே அவன் தன் பழைய கிட்டாரைத் தூக்கி மொட்டையிடம் கொடுத்துவிட்டான். மொட்டையை உனக்கு ஞாபகம் இருக்கும், அவர்கள் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவன், தோள்வரை முடி வைத்திருப்பதால் அந்தப் பெயர். வைத்துக்கோ, எனக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னானாம். அதற்கப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டலில் வாசிக்கப் போவதும் நின்றது, குளியலறையில் பாடுவதும் நின்றது. தினமும் என்னோடு கடைக்கு வருவான், லைனிங் துணி அளந்து கொடுப்பான், சில்லறை கொடுப்பான், கேட்டதற்குப் பதில் சொல்வான். இடது கையைச் சட்டைப் பையிலோ மேசைக்குக் கீழேயோ வைத்துக்கொள்வான். போன மாதம் ஒருநாள் நான் சரக்கறையிலிருந்து வருகிறேன், கடையில் யாரும் இல்லை, இவன் மீட்டர் கோலை மடியில் போட்டுக்கொண்டு அதன் மேல் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருக்கிறான். என்னைக் கண்டதும் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நூல்கண்டை எண்ண ஆரம்பித்துவிட்டான். அதற்கப்புறம் கவனித்தேன், தினமும் செய்கிறான். பிள்ளைக்கு ஆசை விட்டுப்போகவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. மொட்டையைக் கூப்பிட்டுக் கேட்டேன். விரல் குட்டையாகப் போனவர்களும் வாசிக்கிறார்கள் ஆன்ட்டி, கழுத்துப் பகுதி ஒல்லியாக இருந்து கம்பியும் மெல்லிசாக இருந்தால் அழுத்துவதற்கு அத்தனை கஷ்டம் இருக்காது என்றான். இங்கே செய்கிறதில் அப்படி நல்லதாக இல்லை, வெளிநாட்டுச் சரக்குதான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னான்.

கிட்டார் கடை ஒரு மாடியில் இருக்கிறது, ஏறுகிற படி ஒரு ஆள் அகலம்தான். சுவர் முழுக்கக் கிட்டார்களைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டி மார்பில் போட்டிருக்கிறார், வியாபாரத்தில் நிதானமான மனிதர். எனக்காக இரண்டை இறக்கி மேசையில் வைத்தார், இரண்டும் வெவ்வேறு நாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. ஒன்று கறுப்பு, ஒன்று தேன் நிறம். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், வித்தியாசத்துக்கு ஒரு செட் கம்பிகூட வாங்க முடியாது. விலை ஒன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இரண்டு கம்பெனிக்காரன் ஒரே விலைக்கு விற்கிறான் என்றால் ஒவ்வொருவனும் வெவ்வேறு இடத்தில் செலவைச் சுருக்கியிருப்பான், அந்த இடம் எது என்று பார்ப்பதுதான் வாங்குகிறவர் வேலை. பட்டனிலும் ஜிப்பிலும் இருபத்தேழு வருஷமாக அதைத்தானே செய்கிறேன். திருகாணிகளைப் பார்த்தேன். வயர் சொருகுகிற ஓட்டையை ஆட்டிப் பார்த்தேன், தேன் நிறத்தில் கெட்டியாக இருந்தது, கறுப்பில் லேசாக ஆடியது. தூக்கிப் பார்த்ததில் கறுப்பு கனம், தேன் நிறம் லேசு. கறுப்பின் கழுத்து ஒல்லி, அது எனக்குப் பிடித்தது. கம்பியை அழுத்துகிற இடத்தில் குறுக்கே உலோகக் கட்டைகள் பதித்திருக்கிறார்களே, அவற்றின் முனை சரியாகத் தேய்த்திருக்கிறதா என்று பார்க்கப் பையிலிருந்து சாட்டின் துண்டு ஒன்றை எடுத்துக் கழுத்தின் ஓரமாக இழுத்தேன். கத்தரியின் வாயைச் சோதிக்க நான் செய்கிற வேலைதான் அது. கறுப்பில் வழுக்கிக்கொண்டு போனது, தேன் நிறத்தில் மூன்று இடத்தில் நூல் மாட்டியது. கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார். அக்கா, ஒருநாள் நீங்க இங்க வந்து உக்காருங்க, நான் போய் உங்க கடையில பட்டன் விக்கிறேன் என்றார்.

இப்படி இரண்டிலும் நல்லதும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. எட்டு நாள் தூங்கும்போதும் எழும்போதும் அதே பேச்சுதான். மூன்று தடவை அந்தப் படியேறினேன். எதையாவது ஒண்ணை வாங்கு, இல்லைன்னா என்னை வித்து ரெண்டையும் வாங்கு என்று அப்பா சொன்னார். உங்களுக்கு அவ்வளவு விலை வராது என்று நானும் சொன்னேன். உன்னையும் போனில் கேட்டேன், நீ ஒரே வார்த்தையில் அவனைக் கேளும்மா என்றாய். நான் காதில் வாங்கவில்லை. நானே தேர்ந்தெடுத்து அவன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

கடைசியில் கறுப்பு என்று முடிவு பண்ணி, புதன்கிழமை மத்தியானம் ஒரு வேலை இருக்கிறது வா என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். படியேறும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் திரும்பவில்லை. கடைக்காரர் முக்காலியை நகர்த்திப் போட்டு, கறுப்புக் கிட்டாரைத் துடைத்து அவன் மடியில் வைத்தார். அவன் அதைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார்த்தான். பிறகு எடுத்துத் தலைமாற்றித் திருப்பி, கழுத்து வலது பக்கம் வருகிற மாதிரி வைத்துக்கொண்டான். கடைக்காரர் சிரித்தபடி, தம்பி, திருப்பிப் பிடிச்சிருக்கீங்க என்றார். இல்லண்ணே, இனிமே எனக்கு இதுதான் நேர் என்றான் உன் தம்பி. சட்டைப் பையிலிருந்து இடது கையை எடுத்தான். நடுவிரலும் மோதிர விரலும் மேல் கணு இல்லாமல், தோல் இழுத்துப் பளபளவென்று இருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டி, மீட்டுற வில்லையைப் பிடிக்க இந்த ரெண்டு போதும், அழுத்துறதுக்குத்தான் ஆகாது, அதை வலது கைக்குப் பழக்குறேன் என்றான். அப்போதுதான் எனக்கு மீட்டர் கோல் ஞாபகம் வந்தது. அத்தனை நாளும் அவன் கோலில் அழுத்தியது வலது கை விரல்களால். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் எந்தக் கை என்று பார்க்கவில்லை. அவன் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கடைக்கு வர்ற எல்லாரையும் கேப்பியேம்மா, என்னை மட்டும் கேக்கலையே" என்றான்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு உறைக்கிறது. கடை வைத்த முதல் வருஷம் ஒரு தையல்காரம்மா கத்தரி வாங்கிப்போய் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தாள். துணி மடிகிறது, வெட்டுகிற கோடு கண்ணுக்கு மறைகிறது என்றாள். அவளுக்கு இடது கைப் பழக்கம். அதை நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. அன்றைக்கு முடிவு பண்ணினேன், கத்தரி கேட்டு வருகிறவரிடம் விலை சொல்வதற்கு முன்னால் எந்தக் கை என்று கேட்பது என்று. இந்தத் தெருவில் ஆறு கடை இருக்கிறது, இடது கைக் கத்தரி என் கடையில் மட்டும்தான். தூரத்திலிருந்தெல்லாம் தேடி வருகிறார்கள் என்றால் அந்த ஒரு கேள்விக்காகத்தான். ஊர்பேர் தெரியாதவர்களை இருபத்தேழு வருஷம் கேட்டவள் பெற்ற பிள்ளையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கையைப் பார்க்க வேண்டியிருக்கும். ஏழு மாதமாக நான் அதை நேராகப் பார்க்கவே இல்லையடி.

இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாம் விற்கிற துணி வெட்டுகிற மெஷினில், கத்தியில் விரல் படாமல் மறைக்கிற காப்பு தானாக மேலே ஏறிவிட்டது, மெஷின் கோளாறு என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு தைக்கிற கம்பெனிக்காரர் மூன்று மெஷின் எடுப்பதாக வந்திருந்தார். தம்பி நாற்பது அடுக்குத் துணியை விரித்து, காப்பை இறக்கிவைத்து ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். கத்தி எப்படி இறங்குகிறது என்று சரியாகத் தெரியவில்லையே என்று அவர் சொன்னார், சொல்லிக்கொண்டே வாசலையும் பார்த்தார். வாடிக்கையாளர் வாசலைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது, உனக்குத் தெரியும். காப்பைத் தூக்குடா, சார் நல்லா பாக்கட்டும் என்று சொன்னேன். வேணாம்மா என்று தம்பி ஒரு தடவை சொன்னான். தூக்குன்னு சொன்னா தூக்கு என்றேன். தூக்கினான். இடது கையால் துணியைப் பிடித்திருந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது நானாகத்தான் தூக்கினேன் என்று எனக்கு முந்திக்கொண்டு சொன்னான். அப்பாவிடமும் அப்படியே சொன்னான். உன்னிடம் மெஷின் மேல் பழியைப் போட்டது மட்டும் என் சொந்த வேலை. அந்த ஆள் அடுத்த வாரம் வந்து மூன்று மெஷினையும் எடுத்துக்கொண்டு போனார், நானும் விற்றேன். விற்காமல் இருந்திருக்கலாம். இப்போது அந்த மெஷினை ஓட்டிக்காட்டுவதில்லை, காப்பைப் பூட்டி வைத்திருக்கிறேன், அதனால் விரல் வளரப் போவதில்லை என்பதும் தெரியும்.

மெஷின் கம்பெனிக்கு நஷ்டஈடு கேட்டுக் கடிதம் தயாராக இருக்கிறது என்று நீ மூன்று தடவை சொல்லிவிட்டாய். அதை அனுப்பாதே. குற்றமில்லாதவன் மேல் என் பிள்ளை விரலைக் காட்டிக் காசு வாங்க வேண்டாம். புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உனக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும், போன் பண்ணித் திட்டு, நான் பதில் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். அவன் எதிரில் மட்டும் அந்தப் பேச்சை எடுக்காதே. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், சரிம்மா என்றான், அதற்கு மேல் அவனை இழுக்கக் கூடாது.

இனி கிட்டார். அந்த இரண்டு கம்பெனியும் இடது கைக்கென்று தனியாகச் செய்கிறார்களாம், விலையும் அதேதான். ஆனால் இங்கே யாரும் கொண்டுவந்து வைப்பதில்லை, கேட்பவர்கள் அபூர்வம். கடைக்காரர் கம்பெனிக்கு எழுதி வரவழைத்துத் தருவார், பத்து வாரம் ஆகும், வந்தபின் பிடிக்கவில்லை என்று திருப்ப முடியாது. அவர் மேல் தப்பில்லை, திருப்பிக் கொடுத்தால் அவர் யாரிடம் விற்பார், முதல் முதலில் வாங்கிப்போட்ட இடது கைக் கத்தரியை நான் நாலு வருஷம் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். எதை எடுக்கலாம் என்று இந்தத் தடவை அவனைக் கேட்டேன். அவனுக்குத் தேன் நிறத்தின் மேல்தான் மனசு. லேசாக இருக்கிறது, ரொம்ப நேரம் மடியில் வைத்துப் பழகலாம், ஓரம் கொஞ்சம் கீறினால் அரத்தால் தேய்த்துக்கொள்வேன் என்கிறான். எனக்கு இன்னமும் கறுப்புதான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. தொட்டுப் பார்க்காமல் பத்து வாரம் காத்திருப்பதுதான் அவனுக்குப் பயமாக இருக்கிறது. வந்து அதுவும் கைக்கு ஒத்துவரவில்லை என்றால் இன்னொரு தடவை ஆரம்பிக்கத் தெம்பு இருக்குமா தெரியலை என்று மொட்டையிடம் சொல்லியிருக்கிறான். மொட்டை பழைய கிட்டாரைக் கம்பி மாற்றித் தலைகீழாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். நேற்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தான். வாசிப்பு என்று சொல்ல முடியாது, ஒரே இடத்தை இருபது தடவை தப்பாகத் தொட்டான், இருபத்தோராவது தடவை சரியாக விழுந்தது. அப்பா அடுப்பங்கரையில் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

உன் ஊரில் பெரிய கடைகள் இருக்கும், இடது கைக் கிட்டார் ஒன்றிரண்டு தொங்கவே செய்யும். கம்பெனி பெயர், எண் எல்லாம் தம்பி தன் கையால் எழுதிய சீட்டு இதோடு இருக்கிறது. கூடவே ஒரு சாண் சாட்டின் துண்டு வைத்திருக்கிறேன், நான் இழுத்துப் பார்த்த அதே துண்டு. இரண்டின் கழுத்து ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஒரே சீராக இழு, அவசரப்படாதே, எங்கே நூல் மாட்டுகிறது என்று விரலால் தொட்டுப் பார். மடியில் வைத்துக் கால் மணி நேரம் உட்கார், தோள் வலிக்கிறதா பார். பார்த்ததை எனக்குச் சொல்லாதே, நேராக அவனுக்குப் போன் பண்ணிச் சொல். அவன் எது என்கிறானோ அதற்கு நான் பணம் கட்டுகிறேன், என் வேலை இனி அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. இருமல் இன்னும் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார், நீயாக மாத்திரை வாங்கி விழுங்காதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும், உன் கைகால் சுகத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தக் கடைக்குள் போனதும் அவர்கள் கேட்கட்டும் என்று நிற்காதே, எந்தக் கடையிலும் கேட்க மாட்டார்கள். என் தம்பிக்கு, இடது கைக்கு என்று நீயே முதலில் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா